கோகிலனின் வருகைப் பதிவு

"இன்னைக்கும் கோகிலன்தான் முதல்ல. ஏழு இருபத்தஞ்சு," என்றார் விஸ்வநாதன், பட்டியலைச் சுபாஷினியின் மூக்குக்கு நேரே நீட்டி. "நீ எட்டு நாற்பது."

கடல் பாலத்தில் ஜாம் என்று சொல்லிப் பார்த்தாள் சுபாஷினி. அக்கரை பாகான் டாலாமிலிருந்து தீவிலிருக்கிற பாயான் லெப்பாஸுக்கு வேலைக்கு வருகிற அத்தனை பேரும் சொல்கிற காரணம்தான். மூன்று வாரத்துக்கு முன் கோலாலம்பூரிலிருந்து மேனேஜராக வந்து இறங்கிய விஸ்வநாதனுக்கு அதைக் கேட்டுக் கேட்டுக் காது பாதி தேய்ந்தே போயிருந்தது.

ஏஜென்சி மூலம் ஒப்பந்தத்தில் வந்த நாற்பது பேரில் ஒரே ஒருவருக்கு நிரந்தர வேலை. பெயரை அன்று மாலை ஐந்துக்குள் தலைமை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். சுபாஷினியின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. மேனேஜர் பட்டியலைத் தவிர வேறு எதையும் நம்புகிறவர் இல்லை.

கொடுமை என்னவென்றால், அந்தப் பட்டியலைப் போடுகிற புரோகிராமை எழுதியதே சுபாஷினிதான். யார் எப்போது வருகிறார், போகிறார் என்று தானாகத் தெரிய வேண்டும் என்பது மேனேஜர் வந்த அன்றே போட்ட உத்தரவு.

நெட்வொர்க்கில் சேருகிற எதற்கும் தயாரிக்கும்போதே பச்சை குத்திய மாதிரி ஒரு வன்பொருள் முகவரி உண்டு. அது வெறும் எண்ணாக வரும். ஒரு ஃபங்ஷன் அதை மனிதர் படிக்கிற எழுத்தாக்கும்: ஆறு ஜோடி, நடுவே முக்காற்புள்ளி. இன்னொரு ஃபங்ஷன் அந்த முகவரியை அட்டவணையில் தேடிப் பெயரைச் சொல்லும். கைத்தொலைபேசியோடு ஒருவர் கதவைத் தாண்டினால் போதும், பட்டியலில் பெயரும் நேரமும் விழுந்துவிடும்.

அட்டவணை, ஓய்வு பெற்றுப் போன டெக்னீஷியன் திருநாவுக்கரசு விட்டுச் சென்றது. ஆறு ஜோடியை மனப்பாடம் செய்வதற்குச் சோம்பல்பட்டு, கண்ணில் பட்ட கருவிக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டுப் போன மனிதர். அதன் அடியில் எல்லாருடைய கைத்தொலைபேசி முகவரியையும் ஒட்டிவிட்டு, இரண்டே நாளில் வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்தாள் சுபாஷினி. அந்த நிம்மதி ஒரு நாள்கூட நிலைக்கவில்லை.

கோகிலன் முளைத்துவிட்டான்.

கிளீனர் சபூரா காலையில் வந்து விளக்கைப் போடுகிற அதே நிமிஷம் அவன் உள்ளே. மாலை விளக்கு அணைகிற வரை இடத்தை விட்டு நகர்வதில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே போனதாகச் சரித்திரமே இல்லை.

"உடம்பு சரியில்லன்னு ஒரு எம்சி கிடையாது, ஒரு லீவு கிடையாது. வேலைக்காரன்னா அவன்தான்லா," என்று மேனேஜர் தினமும் நாற்பது தடவை சொன்னார். "நீங்கள்லாம் நாசி கண்டார் சோத்துக் கியூவுல நிக்கப் பொறந்தவங்க."

சுபாஷினி அவனைப் பார்த்ததே இல்லை. பக்கத்து மேஜை அருணைக் கேட்டால் இரண்டாவது மாடி என்றான். இரண்டாவது மாடியில் கீழே ஸ்டோரில் இருப்பான் என்றார்கள். ஸ்டோரில் இருந்த ஜெயந்தியோ, ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, யாரோடும் பேசாத ஆள் என்று அடையாளமே சொல்லிவிட்டாள்.

பார்க்காத ஒருவனை இவ்வளவு வெறுக்க முடியும் என்று சுபாஷினிக்கே அப்போதுதான் தெரிந்தது. அவனுடைய ஆறு ஜோடியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். சொந்த அடையாள அட்டையின் ஐசி நம்பர்கூட அவளுக்கு அவ்வளவு சுத்தமாக வராது.

மணி நாலு இருபது. உட்கார்ந்தாள், எழுந்தாள், ஒரே கோப்பையை மூன்று தடவை கழுவினாள். கண்ணாடி அறைக்குள் மேனேஜர் கடிதத்தைத் தட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. யாருக்கான கடிதம் என்று கேட்க வேண்டியதே இல்லை.

நாலரைக்கு அவர் வெளியே வந்து, இரண்டு மாடியும் ஸ்டோரும் ஒரு சுற்றுச் சுற்றினார். கழிப்பறைக் கதவைக்கூடத் தட்டிப் பார்த்ததாகப் பின்னால் அருண் சொன்னான். வெறுங்கையோடு திரும்பி, பிரிண்டர் மூலைக்குப் போய் நின்றவர், அங்கிருந்தே சுபாஷினியைக் கூப்பிட்டார்.

கடிதம் பாதியில் சிக்கிக்கொண்டிருந்தது.

உன் தலையில் விழும் கல்லை நீயே தூக்கிக் கொடு என்கிற மாதிரிதான். குனிந்து, பிரிண்டரின் பின்கதவைத் திறந்தாள். கசங்கிய தாளை இழுத்தபோது, 'நேரந்தவறாமைக்கு இந்த நிறுவனத்திலேயே ஈடு இணையில்லாத திரு. கோகிலன் அவர்களை' என்கிற வரி மட்டும் முழுசாக வந்தது.

தாளுக்குப் பின்னால், கதவின் உள்பக்கம், தயாரிப்பாளர் ஒட்டிய ஸ்டிக்கர். பொடி எழுத்தில் ஆறு ஜோடி.

சுபாஷினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மேலே விஸ்வநாதன் பொறுமையில்லாமல் பிரிண்டர் மூடியில் தாளம் போட்டார். "சீக்கிரம். அனுப்பறதுக்கு முன்னால அந்தப் பையன் கையைப் பிடிச்சு ஒரு வார்த்தை சொல்லணும். உன் புரோகிராம் இன்னும் உள்ள இருக்கான்னு சொல்லுது, எங்க தேடியும் ஆளைக் காணோம்." முழங்கையை மூடிமேல் நன்றாக ஊன்றிக்கொண்டார். "எங்கதான் இருக்கான் கோகிலன்?"

சுபாஷினி எழுந்தாள். கன்னத்தில் கறுப்பு மை அப்பியிருந்தது. மூன்று வாரத்தில் முதல் முறையாக அவளுக்கு எந்த அவசரமும் இல்லை.

"அவர் மேலதான் பாஸ் சாஞ்சுகிட்டு நிக்கிறீங்க."