பொட்டு வைத்த இடம்

ஸ்ரீதர் வார்டுக்குள் நுழைந்தபோது, சின்ன அத்தை பாப்பம்மாள் குழந்தையின் உள்ளங்காலைக் கம்பளிக்குள்ளிருந்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதைத் தேடுகிறாள் என்று கேட்கத் தோன்றவில்லை. தலை நிறைய டாக்டர் சொன்னது.

ரிசல்ட் வந்துவிட்டது. இந்தக் குழந்தைக்கும் அதே குறை.

மூத்தவன் நரேனுக்கு இருந்த குறை. கிருமி நுழைந்தால் ரத்தத்தில் ஓர் உயிரணு இன்னொன்றைக் கூப்பிடுமாம். நரேன் உடம்பில் கூப்பிட ஆள் இருந்தது. கேட்கக் காது இல்லை. ஸ்ரீதரிடம் பாதியும் அவன் மனைவியான அத்தை மகள் இளவரசியிடம் பாதியுமாக ஒளிந்திருந்த பிழை, பிள்ளையிடம் முழுசாகச் சேர்ந்துவிட்டது.

எல்லாக் குழந்தைக்கும் பிறந்தவுடன் போடுகிற பி.சி.ஜி. ஊசியைத்தான் அவனுக்கும் போட்டார்கள். காசநோய் வராமலிருக்க, உயிருள்ள கிருமியைச் சாதுவாக்கிப் போடுகிற ஊசி.

அந்தச் சாது அவனை ஒன்றரை வருஷம் தின்றது.

இந்தத் தடவை ஊசி போடவில்லை அல்லவா, அது போதும், இவளை வளர்த்துவிடலாம் என்று சற்றுமுன் டாக்டர் அவன் தோளைத் தட்டியிருந்தார்.

அதற்காகத்தான் தொட்டிலில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை அட்டை. அதற்காகத்தான் நேற்று மதுரையிலிருந்து டில்லிக்கு வந்து இறங்கிய அத்தையைக் காவல் வைத்து, ஊசி என்று யார் வந்தாலும் விடாதே என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு ஸ்கேனுக்குப் போயிருந்தாள் இளவரசி.

ஸ்ரீதர் தொட்டிலைப் பார்த்தான்.

வேறு தொட்டில். வார்டைச் சுத்தம் செய்தவர்கள் மாற்றியிருக்க வேண்டும். அட்டை இல்லை.

யாராவது வந்தார்களா என்று கேட்டான்.

“ஊசின்னு எவளாச்சும் வந்திருந்தா கையை ஒடிச்சிருப்பேன், மாப்ளே. ஒரு நர்சுப் புள்ளதான் வந்துச்சு. பாப்பாவுக்குப் பொட்டு வைக்கட்டுமான்னு கேட்டுச்சு. அச்சான்னுட்டேன்.”

அத்தைக்குத் தெரிந்த இந்தி இரண்டே வார்த்தை. அச்சா, ரயிலில் கற்றது. மற்றது நேற்று சாயங்காலம் கோயிலில், பூசாரி அவள் நெற்றியில் குங்குமம் இட்டபோது கற்றது.

நர்ஸ் குழந்தையைப் பக்கத்து அறைக்குத் தூக்கிப் போய், கம்பளியில் இறுக்கிச் சுற்றித் திருப்பிக் கொடுத்தாளாம். பொட்டு வைத்ததற்கே ஊரைக் கூட்டிவிட்டாளாம் மகாராணி. ரோஷத்தில் அப்படியே இளவரசியாம்.

அத்தை சிரித்தாள். ஸ்ரீதரும் சிரித்துக்கொண்டே குனிந்தான்.

நெற்றி வெறுமையாக இருந்தது. கன்னமும்.

“அதான் மாப்ளே, நானும் தேடுறேன். உள்ளங்கால்லயும் காணோம்.”

ஜன்னலுக்கு வெளியே டில்லிப் பனி அசையாமல் நின்றது.

அந்த நர்ஸ் சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லச் சொன்னான்.

டீகா, என்றாள் அத்தை. உச்சரிப்பில் ஒரு பெருமை.

டீகா என்றால் பொட்டுதான். கோயிலில்.

ஆஸ்பத்திரியில் டீகா என்றால் தடுப்பூசி.

ஸ்ரீதர் கம்பளியைப் பிரித்தான். குழந்தையின் இடது கைச் சட்டையைத் தோள்வரை சுருட்டினான்.

அத்தை எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

“அட, இங்கயா வச்சிருக்கு? செக்கச்செவேல்னு.”