நீதானே பக்கத்துல இருந்தே

அம்மாவின் கடைசி நாட்களில் மகள்தான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தாள். பொட்டுத் தூக்கமில்லை. அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேசினாள். எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது, அதில் ஒரு வார்த்தைகூட அவளுக்கு நினைவில்லை.

"தூங்கினாத்தாம்மா கேட்டதெல்லாம் மூளையில தங்கும். நீங்க கண்ணே மூடலையே," என்றார் டாக்டர்.

அவள் கணவன் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அத்தனை நாளும் வீட்டில் குறட்டை விட்டுத் தூங்கினான். ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டே சொன்னான்:

"உங்கம்மா கை என்னமா ஜில்லிட்டிருந்துச்சு. உன்னைப் பொடிக்குட்டின்னு வேற கூப்பிட்டாங்க."

அந்தச் செல்லப்பெயரை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"வேற என்ன சொன்னாங்க?"

அவன் நிதானமாக வாய் கொப்பளித்தான்.

"நீ என்னை விட்டுட்டு எங்க போகணும், அங்க யார் உன்னைப் பார்த்துப்பாங்கன்னு எல்லாம் விவரமா சொன்னாங்க."

"எங்க?"

"நீதானே பக்கத்துல இருந்தே. என்னைக் கேட்டா?"

முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான். போகும்போது கதவை வெளியிலிருந்து பூட்டினான். இதற்கு முன் ஒருநாளும் அவன் அப்படிப் பூட்டியதில்லை.