பச்சை விறகு

தென்கோளத்தில் குளிர்காலம் முடிகிற செப்டம்பர் வெயிலில், தகரக் கூரையின் உறைபனி உருகிச் சொட்டிக்கொண்டிருக்கிறது. வேலியோரத்து வாட்டில் மரம் மஞ்சளாகப் பூத்துவிட்டது; ஆனாலும் ஹுவான் ஆற்றிலிருந்து வரும் காற்று இன்னும் எலும்பைத் துளைக்கிறது. விறகு லாரியை வாசலில் நிறுத்திய டார்சி, இன்ஜினை அணைக்காமலே கேட்கிறான்: "இந்த வாட்டி காஞ்சதா, பச்சையாம்மா?" வசந்தம் பிறந்ததும் பச்சை விறகை வாங்கி அடுக்கி, கோடை முழுக்கக் காயவிட்டு, அடுத்த குளிருக்கு எரிப்பதுதான் வழக்கம். எய்ல்சா தயங்குகிறாள். அவள் புருஷன் மெர்வுக்கு டாக்டர் சொன்ன கெடு கோடையோடு முடிகிறது. "காஞ்சதுல கொஞ்சம் போட்டுட்டுப் போப்பா. இந்தக் குளிர் போறவரைக்கும்." பின்னால் கதவு கிறீச்சிடுகிறது. மெர்வ் கம்பளிக் கோட்டுக்குள் பாதியாக வற்றிப்போய் நிற்கிறார். ஓய்வு பெறும்வரை மர அறுவை மில்லில் கட்டைகளைப் புரட்டிய கை, கதவு நிலையைப் பிடித்திருக்கிறது. "பச்சையாவே கொட்டு டார்சி. முழு லோடு." டார்சி தொப்பியைக் கழற்றிக்கொள்கிறான். எய்ல்சா தரையைப் பார்த்தபடி, "அது காயறதுக்குள்ள அடுத்த குளிர் வந்துடுமே, மெர்வ்" என்கிறாள். "வரட்டும். அப்ப உனக்குக் குளிராதா?" லாரியின் பின்புறம் மெல்ல உயர, விறகு சரிந்து விழுகிறது, ஈர மர வாசனை முற்றமெங்கும் எழுகிறது. அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "கொட்டச் சொன்னா ஆச்சா? யாரு அடுக்கறதாம்?" மெர்வ் படியிறங்கி வருகிறார். ஒரு கட்டையை இரண்டு கையாலும் தூக்கி, பட்டை மேலே இருக்கும்படி சுவரோரம் வைக்கிறார். அடுத்ததை அவள் எடுத்து நீட்டுகிறாள்.