மடிப்பில் போன முகம்

யானைக்குட்டியின் முகம் நடு மடிப்புக்குள் போய்விட்டது. ஓவியப் பள்ளியில் படிக்கும் தூரிகை, குழந்தைகளுக்காக முதல்முதலாகச் செய்த படப் புத்தகம் அது. தைத்த பிறகுதான் தப்பு தெரிந்தது. நாளைக்கு வகுப்பில் காட்டாவிட்டால் இந்த வருடமே போச்சு.

“நடுவிலே யாரு வரையச் சொன்னது?” என்று தூரிகை பென்சில்மேல் பாய்ந்தது.

“கோடு போட்டது நான்தான். மூணு நாள் சாயம் பூசினியே, உன் கண்ணு எங்கே போச்சு?” என்றது பென்சில்.

“நகருங்கப்பா,” என்று கத்தரிக்கோல் வந்தது.

“வேண்டாம்பா. உனக்கு வெட்டத்தானே தெரியும்?” என்று தூரிகை தடுத்தது.

“ஆமா. அதைத்தான் செய்யப்போறேன். பேசாம இரு.”

மடிப்பின் குறுக்கே, முகத்துக்கு மேலே ஒரு வெட்டு, கீழே ஒரு வெட்டு. நடுத்துண்டை முன்பக்கமாக இழுத்து மடித்தது. புத்தகத்தைத் திறந்ததும் குட்டி முகத்தை வெளியே நீட்டியது.

தூரிகை புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்தது. முதல் பக்கத்தில், தன் பெயருக்கு மேலே, நிதானமாக எழுதியது: கத்தரிக்கோல்.