உள்ளேயிருந்து போன புகார்

கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கும் அக்காவுக்கு நடந்த அநியாயங்களை நடந்த வரிசையிலேயே சொல்லிவிடலாம்.

ஒன்று, திங்கட்கிழமை மத்தியானம் கேன்டீனில் அவள் வந்து உட்கார்ந்ததும் அந்த மேசையே காலியானது.

இரண்டு, செவ்வாயன்று அவள் மேசை விளக்கின் பல்பை யாரோ கழற்றிக்கொண்டு போனார்கள்.

மூன்று, புதனன்று அவள் லாக்கர் கதவில் சாக்பீஸால் ‘காட்டிக்கொடுத்தவள்’ என்று எழுதியிருந்தது.

நான்கு, வியாழனன்று அவளை வேலையை விட்டு நீக்கச் சொல்லி முதலாளிக்கு மனு போனது. கூலி உயர்வு மனுவுக்கு இருபது கையெழுத்து வாங்கவே நாக்குத் தள்ளிவிடும். இதற்கு ஐம்பத்தெட்டுப் பேர் பேனாவைக் கேட்டு வாங்கினார்கள். மனுவை எழுதியவர் தொழிற்சங்கத் தலைவர். அவர் தொண்டையைத் திறந்தால் மூன்று தெருவுக்குக் கேட்கும் என்பதால் பட்டப்பெயர் மைக்.

அக்கா செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றம் இதுதான். கம்பெனி, ஆஸ்பத்திரிகளில் மருந்து ஏற்றும் கருவிக்கு சார்ஜர் போர்டு செய்கிறது. நாலாயிரம் போர்டு லாரியில் ஏறுகிற நாளில் தடை வந்தது. அனுப்பியது, வட்டாரத் தொழில்நுட்பத் தொழில்களின் கூட்டமைப்பு. போர்டு சூடாகிறது என்று யாரோ புகார் எழுதியிருக்கிறார்கள். கூட்டமைப்பின் முத்திரை இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியும் ஒரு திருகாணியைக்கூட வாங்காது; ஆர்டர்களைக் கம்பெனிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதும் அதுதான். ஆர்டர் போனால் அறுபத்திரண்டு பேருக்கும் வேலை போகும்.

“போர்டு சூடாகுது” என்று கேன்டீனில் வாய்விட்டுச் சொன்னவள் அக்கா ஒருத்திதான். அது போதாதா?

“நான் எழுதலை” என்று அவள் சொன்னதைக் கேட்பார் இல்லை.

வெள்ளிக்கிழமை கூட்டமைப்பு அலுவலகத்தில் விசாரணை. தொழிலாளர் பக்கம் மைக், ஸ்டோர்க்காரர், பேக்கிங் அண்ணி உட்பட ஆறு சாட்சிகள் ஒரே வேனில் போனார்கள். அக்கா தனியாக பஸ் பிடித்து வந்தாள்.

கூட்டமைப்பின் அதிகாரி அம்மா, ஒட்டிய உறை ஒன்றை மேசைமேல் வைத்தார்.

“எழுதினவர் பேர் இதுக்குள்ள இருக்கு. பிரிக்கறதுக்கு முன்னாடி விதியைச் சொல்லிடறேன். வெளியாள் கொடுத்த புகார்னா உங்க ஆர்டர் ரத்து. வேற கம்பெனிக்குக் கொடுத்துடுவோம். கம்பெனிக்குள்ள இருக்கறவங்களே கொடுத்திருந்தா, தப்பை நீங்களே கண்டுபிடிச்சீங்கன்னு எடுத்துக்குவோம். ஆர்டர் உங்களுக்கே. சரிபண்ண ரெண்டு மாசம் டைம். எங்க லேப்லயே சோதிச்சும் கொடுப்போம்.”

ஆறு தலைகளும் அக்கா பக்கம் திரும்பின.

“அக்கா...” என்றார் ஸ்டோர்க்காரர். நாலு நாளில் முதல் தடவையாக அக்கா! “நீங்கதானே எழுதினீங்க?”

“இல்லே.”

“சும்மா சொல்லாதீங்க.”

“நாலு நாளா அதைத்தானேய்யா சொல்லிக்கிட்டிருக்கேன்!”

“அப்படிச் சொல்லாதீங்கக்கா” என்றாள் பேக்கிங் அண்ணி. “எனக்கு ரெண்டு பொண்ணு. ‘ஆமா’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்களேன்.”

“எனக்கும்தான் ஒரு பொண்ணு இருக்கா. நேத்து மனுவில கையெழுத்துப் போட்டப்ப ஞாபகம் வரலையா?”



அதிகாரி உறையைப் பிரித்துப் பெயரைப் பார்த்தார். கம்பெனி ஆட்களின் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். அறுபத்திரண்டு வீட்டு அடுப்பும் அந்த விரல்நுனியில் இருந்தது.

விரல் நின்றது.

“உங்க ஆள்தான். ஆர்டர் உங்களுக்கே.”

அண்ணிக்குப் போன மூச்சு அழுகையாகத் திரும்பி வந்தது. ஸ்டோர்க்காரருக்குத் தலைகால் புரியவில்லை. “லாக்கரை நானே துடைச்சிடறேன்க்கா!”

“அப்ப லாக்கர்ல எழுதினது நீங்கதானா?” என்றாள் அக்கா.

“ஐயோ, இல்லக்கா! ஸ்டோர்லேருந்து சாக்பீஸ் எடுத்துக் கொடுத்தது மட்டும்தான் நான்.”

அதிகாரிகூடச் சிரித்துவிட்டார். “புகார்ல என்ன எழுதியிருக்காங்கன்னு கேளுங்க. ‘இந்த போர்டு நோயாளியின் தலைமாட்டில் இருக்கப் போகிறது. தீப்பிடித்தால் அவரால் எழுந்து ஓட முடியாது. தயவுசெய்து நிறுத்துங்கள். ஆனால் ஆர்டரை எங்களிடமிருந்து பறித்துவிடாதீர்கள்.’”

“அக்கா மனசு அப்படியே பேசுது” என்று அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மைக் எழுந்தார். தொண்டையைச் செருமினார். “தோழர்களே, தப்புப் பண்ணிட்டோம். அக்காவுக்குச் சங்கத்தின் சார்பில் பாராட்டு. மனுவை இன்னைக்கே கிழிச்சுப் போட்டுடறேன். வாங்க, கிளம்பலாம்.”

“பாராட்டை நீங்களே வச்சுக்குங்க” என்றாள் அக்கா. “அம்மா, அந்தப் பேரை வாசிங்க.”

“அது எதுக்கு இப்போ? ஆர்டர்தான் கிடைச்சாச்சே.” மைக்கின் குரல் பக்கத்து நாற்காலியைக்கூட எட்டவில்லை.

“வாசிச்சுத்தான் ஆகணும் சார். கேட்டோம்னு சாட்சிங்க கையெழுத்துப் போடணும்” என்றார் அதிகாரி. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கடிதத்தின் அடியில் இருந்த பெயரை ஆறு பேர் காதிலும் விழும்படி நிறுத்தி நிதானமாக வாசித்தார்.

மைக்கின் பெயர்.