முதலில் கேட்டவரின் பதில்

எண்பத்து மூன்றாவது எண்ணை அழுத்திவிட்டு அவள் காத்திருந்தாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காமல் போனால் தேவலை.

திரையில் ரிப்போர்ட் திறந்திருந்தது. ஜெயக்கொடி, வயது ஐம்பத்தொன்று. கட்டியிலிருந்து எடுத்த சதையைச் சோதித்த முடிவு. புற்றுநோய் என்று ஒரே வரியில் இருந்தது.

காலையில் அந்த அம்மாள் தன் போனில் பார்த்தது இதையல்ல. 'குறை ஏதும் இல்லை' என்றுதான் பார்த்திருக்கிறார்.

எல்லாம் புரோகிராம் எழுதும் இவள் செய்த வேலை.

லேபின் சர்வர், ரிப்போர்ட் கேட்டு வரும் ஒவ்வொரு கேள்வியையும் முதலிலிருந்து படித்துப் புரிந்துகொண்டு, பிறகுதான் பதிலைத் தேடும். ஒரே மாதிரிக் கேள்வியை ஆயிரம் தடவை படிப்பானேன்? ஒருமுறை புரிந்துகொண்டதை அது நினைவில் வைத்துக்கொள்ளும்படி செய்தாள். பதில் வர ஆன தொள்ளாயிரம் மில்லி விநாடி நாற்பதானது. டீம் லீட் ஜெரால்டு எழுந்து நின்று கை தட்டினார்.

கேள்வியோடு சேர்ந்து, கேட்டவரின் நோயாளி எண்ணும் நினைவில் தங்கிவிட்டது. அதைக் கழற்ற மறந்துவிட்டாள், பாவி. சோதித்துப் பார்த்ததும் தன்னுடைய ஒரே எண்ணை வைத்துத்தான். ஒவ்வொரு தடவையும் சரியாகவே வந்தது.

காலை பத்து மணிக்கு முதலில் கேட்டவர் நோய்நொடி இல்லாத யாரோ ஒருவர். அடுத்த ஐம்பது நிமிடம் யார் கேட்டாலும் அவருடைய முடிவுதான் போனது. மேலே பெயர் மட்டும் அவரவருடையது.

நூற்றுப் பன்னிரண்டு பேர்.

நானே எல்லோரையும் கூப்பிடுகிறேன் என்று பட்டியலைக் கேட்டு வாங்கியதும் இவள்தான். இதுவரை பேசியவர்களுக்குச் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு. கண்டபடி திட்டினார்கள். திட்டு வாங்குவது எவ்வளவு சுகம் என்று இப்போது தெரிந்தது.

மறுமுனையில் எடுத்துவிட்டார்கள். கணவர்.

"யாரு, லேப்புல இருந்தா? நல்லா இருக்கணும் தாயி! பதினஞ்சு நாளா எங்க வீட்ல ஒருத்தரும் ஒழுங்கா சாப்பிடல. இன்னைக்குத்தான் இவ சிரிச்சா."

"ஐயா, அந்த ரிப்போர்ட்டு..."

"அதத்தான் நம்ப மாட்டேங்கா. நெசமாவா, நெசமாவான்னு காலைல இருந்து கேட்டுட்டே இருக்கா. இரு, ஸ்பீக்கர்ல போடுதேன். உன் வாயால ஒரு வார்த்த சொல்லிரு."

மிக்சி ஓடி நின்றது. யாரோ டிவியை அணைத்தார்கள்.

"சொல்லும்மா" என்றது ஒரு பெண்குரல், சிரித்துக்கொண்டே.