முதல் நிமிடத்திலேயே சாகிறவர்

"அம்மா, அப்பாவைப் போனைக் குடுக்கச் சொல்லு! ஆறு மணிக்கு எனக்கு மாதிரித் தேர்வு!" என்று கத்தினேன்.

அப்பா காதிலேயே வாங்கவில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் மூழ்கியிருந்தார்.

"நான் சொன்னா கேக்கறாரா துர்கா? அம்பத்தாறு வயசுல துப்பாக்கி தூக்கிக்கிணு நிக்கிறாரு. 'உங்க வீட்டுக்காரரு இன்னாக்கா, சின்னப் புள்ளையாட்டம்'னு எதிர்வீட்டு மேனகா கேக்கறா. மானம் போவுது" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

இதே அப்பாதான் ஒன்றரை வருஷம் முன்னால், இதே விளையாட்டுக்காக, அண்ணன் செம்மலின் போனைச் சுவரில் அடித்து உடைத்தவர்.

அன்றைக்குக் கூத்தாண்டவர் கோயில் தேர். வடம் பிடிக்கக் கூப்பிட்டால் அண்ணன் போனை விட்டு நிமிரவில்லை.

"செத்துச் செத்துப் பொழைக்கிறவன்லாம் ஒரு வீரனாடா? நம்ம சாமிக்கு இருந்தது ஒரே உசுரு. பாரதப் போர் ஜெயிக்கணும்னு அதையே களபலி குடுத்தாரு. அவரு வீரன்!" என்றார் அப்பா.

அண்ணனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அவரா குடுத்தாரு? பெத்த அப்பன் பக்கத்துல நின்னுக்கிணே வெட்டக் குடுத்தான். எங்க ஆட்டத்துல கூட்டாளி விழுந்தா ஓடிப்போய்த் தூக்கி விடுவோம். பலி குடுக்க மாட்டோம்."

போன் சுவரில் மோதியது.

மறுநாள் அண்ணன் ஓசூர் கம்பெனிக்குப் போனவன்தான். என்னோடும் அம்மாவோடும் பேசுவான். அப்பாவும் அவனும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

அப்படிப்பட்டவர் இப்போது தினமும் ஆறு மணியானால் போனோடு உட்கார்ந்துவிடுகிறார். என் போன் ரிப்பேர். அரசு வேலைத் தேர்வுக்கு இன்னும் பத்தே நாள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நான். இதில் தோற்றால் துணிக்கடை வேலைதான். கோபத்தோடு வாசலுக்குப் போனேன்.

திரையில் அப்பாவின் ஆள் பாராசூட்டில் இறங்கினான். துப்பாக்கிகூட எடுக்காமல் நடுரோட்டில் போய் நின்றான். அரை நிமிடத்தில் யாரோ சுட்டார்கள். விழுந்தான்.

"செத்துட்டல்ல? குடுப்பா."

"இரும்மா. இனிமேதான் ஆரம்பம்."

போனிலிருந்து ஒரு பையன் குரல் கேட்டது. "டேய், யார்றா இந்த வடிவேலு? தினம் வந்து சும்மா சாவறான். டீமை விட்டுத் தூக்குடா!"

இன்னொரு குரல் சிரித்தது. "இருந்துட்டுப் போறான் விடு மச்சி."

அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். திரையில் இப்போது வேறு ஒருவன் முதுகு காட்டி நின்றான். தலைக்கு மேல் பெயர்: பி.ஒய்.01 செம்மல்.

"அண்ணனாப்பா?"

அப்பா தலையாட்டினார். "மொபைல் கடை பிரேம்குமார்தான் ஏத்திக் குடுத்தான். வடிவேல்னு பேர் போட்டு, இவன்கூட சேத்தும் விட்டான்."

"அப்புறம் ஏன் ஆடாம சாவற?"

"உசுரோட இருந்தா என் ஆளை மட்டும்தாம்மா காட்டுது. செத்தாத்தான் அவனைக் காட்டுது. அவன் ஆட்டம் முடியற வரைக்கும் பாக்கலாம், பேசறதைக் கேக்கலாம். நேத்து 'சாப்ட்டியா'ன்னு எவனையோ கேட்டான்."

திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"கூத்தாண்டவரு தலை வெட்டுப்பட்ட பின்னாடியும் கம்பத்து மேல இருந்து பதினெட்டு நாள் சண்டையையும் பாத்தாருல்ல? புள்ளை இருந்து பாத்த எடத்துல, இப்ப பலி குடுத்த அப்பன் உக்காந்து பாத்துக்கிணு இருக்கேன்."

தேர்வைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. "போன் பண்ணிப் பேசேம்ப்பா" என்றேன்.

"இன்னான்னு பேசறது? நீயும் சொல்லிடாத. நான்னு தெரிஞ்சா வெளிய தள்ளிடுவான். அப்புறம் இதுவும் இல்லாமப் போயிடும்."

மறுநாள் காலை எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பையன் சொன்னபடி தூக்கிவிட்டால்? அம்மாவின் பட்டன் போனை எடுத்துக்கொண்டு அரியாங்குப்பம் பாலம் வரைக்கும் நடந்தேன்.

"அண்ணா, உன் டீம்ல வடிவேல்னு ஒருத்தர் வராருல்ல... அவரைத் தூக்கிடாத. ஏன்னு மட்டும் கேக்காத."

"நான் எதுக்குக் கேக்கணும்? அப்பாதான?"

"உனக்கு எப்படிண்ணா தெரியும்?"

"மைக்கை மூடணும்னு அவருக்கு யாரும் சொல்லித் தரலை. மில்லுல பஞ்சுத் தூசி தின்ன நெஞ்சு. அந்த விசில் மூச்சைச் சின்ன வயசுலேர்ந்து பக்கத்துல படுத்துக் கேட்டிருக்கேன். மத்த பசங்க அவரு சத்தத்தை அமுக்கிட்டானுங்க. நான் அமுக்கலை. நேத்து நீங்க ரெண்டு பேரும் பேசினதையும் கேட்டேன்."

"அப்ப நீயாவது பேசேண்ணா!"

"எனக்கும்தான் இன்னான்னு பேசறதுன்னு தெரியலை."

பாலத்தில் ஒரு பஸ் இரைச்சலோடு கடந்து போனது. பிறகு அவனே சொன்னான்.

"ரூம் பசங்க கேக்கறானுங்க துர்கா, நீயெல்லாம் ஒரு வீரனாடான்னு. ரெண்டு மாசமா நான் ஒருத்தனையும் சுடலை. காலி வீடாப் பாத்துப் பூந்து கதவைச் சாத்திக்கிணு உக்காந்துடறேன். நான் செத்துட்டா, அப்பா பாக்குறதுக்கு ஒண்ணும் இருக்காதுல்ல?"